பிறர் முகமும் தன் மனமும்: ஆட்டிசக் குழந்தைகளின் உணர்ச்சி அறிவு

முகத்தைக் கண்டு மனத்தை அறிவது நம்மில் பெரும்பாலோர்க்கு எவரும் கற்பித்த வித்தையன்று. தாயின் புருவம் சற்றே சுருங்கினால், ஒரு வயதுக் குழந்தை நீட்டிய கையை நிறுத்திக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கிறது. மூன்று வயதில், அழுகின்ற தங்கைக்குத் தன் பொம்மையைக் கொண்டுவந்து கொடுக்கிறது. இதற்கென்று பள்ளிக்கூடமும் இல்லை. பாடப் புத்தகமும் இல்லை. நடப்பதையும் பேசுவதையும் போல இதுவும் தானே வந்து சேரும் என்று நாம் எண்ணியிருக்கிறோம். அவ்வாறு எண்ணியிருப்பதனாலேயே, இது தானே வந்து சேராத குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால், அதன்மீது நமக்கு இரக்கத்திற்கு முன்பாகக் கோபம் வந்துவிடுகிறது.

தாய் வழுக்கி விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு துடிக்கிறாள், பிள்ளை சிரிக்கிறான். பாட்டி கண்ணீர் வடித்துக்கொண்டிருக்கிறாள். பேத்தி மின்விசிறி சுழல்வதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். உறவினர்கள் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: கல்நெஞ்சு, பாசமற்ற பிறவி, யாருக்கும் ஒட்டாத பிள்ளை. இச்சொற்கள் தாயின் காதில் விழுகின்றன. பிள்ளையின் காதிலும் விழுகின்றன. பேசாத குழந்தை கேட்காத குழந்தையன்று. ஆட்டிசம் உடைய குழந்தைகளைப் பற்றி வழங்கும் இத்தீர்ப்பு எவ்வளவு தூரம் உண்மை, இக்குழந்தைகள் பிறர் உணர்ச்சியை அறியவும் தம் உணர்ச்சியை அறிவிக்கவும் வீட்டிலுள்ளோர் எவ்வாறு துணைநிற்கலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

ஆட்டிசம் என்னும் சொல்லை 1911-ஆம் ஆண்டிலேயே ஸ்விட்சர்லாந்து நாட்டு மனநோய் மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் கையாண்டார். 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அது. ஆனால் அவர் அதை வேறொரு நோயின் குறியாகவே கூறினார். குழந்தைகளிடம் இன்று நாம் காணும் இந்நிலையை, 1925-இல் மாஸ்கோவில் க்ரூன்யா சுகரேவா என்னும் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களை ஆராய்ந்து விளக்கமாக எழுதினார்; உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே புகழ்பெற்றது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் எழுதினார். தமிழில் 'மதியிறுக்கம்' என்று ஒரு சொல் வழங்கிவருகிறது. மதி இறுகிப்போனதென்ற கருத்தை அது தருவதால் நமக்கு அச்சொல்லில் மனநிறைவில்லை. ஆகவே ஆட்டிசம் என்றே இங்கு வழங்குவோம்.

இது நோயன்று, மூளை வளரும் வகையில் உள்ள ஒரு வேறுபாடு. ஆகவே இதனைப் போக்கும் மருந்தும் கிடையாது. உண்டென்று சொல்லிப் பெருந்தொகை கேட்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஹரியானாவின் பல்வல், இமாசலத்தின் காங்க்ரா, ஒடிசாவின் டேங்கனால், ஹைதராபாத், வட கோவா ஆகிய ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளை ஆராய்ந்து 2018-இல் வெளியிடப்பட்ட முடிவு, நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்பதைக் காட்டிற்று. ஆயிரம் மாணவர் படிக்கும் பள்ளியில் பத்துப்பேர் என்று கணக்கிட்டுப் பார்த்தால், இது எங்கோ யார் வீட்டிலோ நடக்கும் செய்தியன்று என்பது விளங்கும்.

தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் பெரிய மனோதத்துவ நிபுணர்களே எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் இக்கருத்தை வலியுறுத்தி ஒரு நூலே வெளியிட்டார். எத்தனை தாய்மார்கள் அதனால் தம்மைத் தாமே நொந்துகொண்டார்களோ! 1977-இல் இங்கிலாந்தில் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவினின்று பிறந்த 11 இணைகளில் 4 இணைகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவினின்று பிறந்த 10 இணைகளில் ஓரிணையிலும் அவ்வாறில்லை. இது பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது என்பதற்கு அது முதற்சான்றாயிற்று. மேனாட்டில் அப்பழி ஒருவாறு மறைந்துவிட்டது. நம் நாட்டிலோ, வேலைக்குப் போகும் தாய், கைப்பேசி பார்க்கவிட்ட தாய் என்று புதிய பெயர்களில் அது இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது.

இனி, கல்நெஞ்சு என்னும் தீர்ப்புக்கு வருவோம். பிறருடைய துன்பத்தில் பங்குகொள்வது என்று நாம் ஒரே பெயரால் சொல்வதில் உண்மையில் இரு செயல்கள் அடங்கியுள்ளன. அவர் என்ன நினைக்கிறார், என்ன உணர்கிறார் என்று அறிவது ஒன்று. அறிந்தபின் அத்துன்பம் நம் உள்ளத்தையும் தொடுவது மற்றொன்று. முதலாவது அறிவின் தொழில்; இரண்டாவது நெஞ்சின் தொழில். வஞ்சகன் ஒருவன் பிறர் மனத்தை நன்கு அறிவான், ஆனால் இரங்கமாட்டான். ஆட்டிசக் குழந்தைகளில் பலருடைய நிலை இதற்கு நேர்மாறானது. அறிவதில் தடை, அறிந்துவிட்டால் இரங்குவதில் குறைவில்லை. சிலருக்கோ அந்த இரக்கம் தாங்கமுடியாத அளவுக்குப் பெருகிவிடுகிறது. அழுகைக் குரலைக் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடும் குழந்தை, பிறர் துயரம் தன்னைத் தொடாததால் ஓடுகிறது என்று யார் கண்டது? அளவுக்கு மீறித் தொட்டதனாலும் ஓடலாம். தாய் விழுந்தபோது வந்த சிரிப்பும் மகிழ்ச்சியின் சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. திகைப்பிலும் அச்சத்திலும் சிரிப்பு வருவதைப் பெரியவர்களிடமே பார்த்திருக்கிறோம்.

அறிவதில் உள்ள தடையைக் காட்டும் ஒரு சோதனை 1985-இல் லண்டனில் நடந்தது. சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகிய மூவர் அதனை நடத்தினர். சாலி, ஆன் என்று இரண்டு பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துத் தன் பெட்டியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் சாலி குண்டை எங்கே தேடுவாள்? கூடையில் என்பதே சரியான விடை. பெட்டிக்கு மாறியது அவளுக்குத் தெரியாதல்லவா? சாதாரணக் குழந்தைகள் 27 பேரில் 23 பேரும், டவுன் நோய்க்குறியுடைய 14 பேரில் 12 பேரும் சரியாகச் சொன்னார்கள். ஆட்டிசமுடைய 20 பேரில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். தமக்குத் தெரிந்தது சாலிக்கும் தெரியும் என்று அவர்கள் கொண்டார்கள்.

இச்சோதனை அறிவை அளந்தது, அன்பை அளக்கவில்லை. ஆயினும் நாளடைவில், ஆட்டிசமுடையோர்க்குப் பிறர் உள்ளமே தெரியாது, ஆதலால் பரிவே கிடையாது என்று மக்கள் அதை நீட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சரியாகச் சொன்ன நால்வரை எல்லாரும் மறந்தார்கள். மற்ற பதினாறு பேரும் வளர்ந்து பிற்காலத்தில் என்ன கற்றிருக்கக்கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தவர் சிலரே.

பின்வந்த ஆராய்ச்சி வேறொரு கதவைத் திறந்தது. தன் உணர்ச்சி இன்னதென்று தனக்கே பெயரிட்டுச் சொல்ல இயலாத நிலை மனிதரிற் சிலருக்கு உண்டு. அதற்கு அலெக்ஸிதைமியா என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். உணர்ச்சிக்குச் சொல்லின்மை என்று நாம் அதைக் கூறலாம். பொதுமக்களில் இருபதில் ஒருவருக்கு இருக்கும் இந்நிலை ஆட்டிசமுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருக்கிறது. லண்டனில் ஜெஃப்ரி பர்டும் அவருடன் பணிபுரிந்தோரும் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிறர் முகத்தின் உணர்ச்சியை அறிவதில் ஏற்படும் தடுமாற்றம் ஆட்டிசத்தைவிட இந்தச் சொல்லின்மையையே பெரிதும் பின்தொடர்கிறது என்று கண்டார்கள். இதன் பயன் பெரிது. தன் வயிறு கலங்குவது பசியாலா அச்சத்தாலா என்று அறியாத குழந்தைக்கு, அடுத்தவர் முகத்தில் அச்சத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பது, எழுத்தறியாதவன் கையில் கடிதத்தைக் கொடுப்பது போலாகும். முதலில் தன் உடம்பு. பிறகு தன் மனம். அதற்குப் பிறகே பிறர் முகம். இந்த வரிசையை மாற்றிக்கொண்டு பலர் வீணே உழைக்கிறார்கள்.

மற்றொரு செய்தி நம்மைப் பற்றியது. டேமியன் மில்டன் என்னும் பிரிட்டிஷ் சமூகவியலறிஞர், தாமே ஆட்டிசமுடையவர். 2012-இல் அவர் ஒரு கேள்வி எழுப்பினார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கு அவர்களைப் புரிகிறதா? இருவேறு வகையில் உலகை அறிவோர் சந்திக்கும்போது புரியாமை இருபுறமும் இருக்குமேயன்றி ஒருபுறத்துக் குறையாக மட்டும் இராது என்பது அவர் வாதம். 2016-இல் இங்கிலாந்தில் நடந்த சோதனை இதற்குத் துணைசெய்தது. ஒருவரிடம் வேடிக்கை சொன்னார்களா, புகழ்ந்தார்களா, காத்திருக்க வைத்தார்களா என்பதை அவர் முகத்தின் படத்தைப் பார்த்துச் சாதாரண மக்கள் ஊகிக்கவேண்டும். ஆட்டிசமுடையோர் முகங்களைப் பார்த்து ஊகித்தபோது அவர்கள் அதிகமாகத் தவறினார்கள். அமெரிக்காவில் 2017-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி வருத்தம் தருவது. ஆட்டிசமுடையோர் பேசும் படத்தைச் சில விநாடிகள் பார்த்த அளவிலேயே, இவரோடு பழக விருப்பமில்லை என்று பலர் கருதினர். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தபோது அந்த வெறுப்பு மறைந்துவிட்டது. சொன்ன சொல்லில் குற்றமில்லை. சொன்ன தோரணையே நமக்குப் பிடிக்கவில்லை!

நேயர்களே, இவ்வளவையும் விரித்துரைத்தது காரணம் பற்றியே. குழந்தைக்குக் குறை, நாம் ஆசான் என்ற நினைப்போடு தொடங்கினால் நம் முயற்சி பயிற்சியாக முடியும், உறவாக வளராது.

தொடங்கவேண்டிய இடம் குழந்தையின் உடம்பு. சமையலறையில் குக்கர் கூவுகிறது. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. அப்போது 'கத்தாதே' என்பது எளிது. அதைவிட, சத்தம் அடங்கியதும் அருகில் அமர்ந்து, 'குக்கர் கூவிற்று. உன் கை நடுங்கிற்று. பயம் வந்தது' என்று மூன்று சிறு வாக்கியங்களாகச் சொல்வது மேல். என்ன நேர்ந்தது, உடம்பில் என்ன ஆயிற்று, அதன் பெயர் என்ன என்று மூன்றும் ஒரே கோவையாக அமைகின்றன. கோபம், பயம், பசி, களைப்பு முதலிய நாலைந்து சொற்களுக்கு மேல் தொடக்கத்தில் வேண்டா. மகிழ்ச்சிக்கும் இதுவே முறை. ஊஞ்சலில் குதூகலிக்கும்போதும் பெயர் சொல்லவேண்டும். துன்பம் வரும்போது மட்டும் சொல்லிக்கொடுத்தால், உணர்ச்சி என்பதே தொல்லை என்று குழந்தை எண்ணிவிடும்.

உணர்ச்சியைக் காரணத்தோடு சேர்த்துச் சொல்வது நமக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மெய்யின்கண் தோன்றும் உணர்ச்சிகளை எட்டு என வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்று கூறுகிறது. அச்சம் என்றால் அது எதனால் பிறந்தது என்பதையும், தெய்வத்தாலா, விலங்காலா, கள்வராலா, அரசனாலா என்று சேர்த்தே சொல்கிறது. கண் எப்படி விரிந்தது, வாய் எப்படி வளைந்தது என்பதைக் கொண்டு மட்டும் உணர்ச்சியை அறிவிக்க முயலவில்லை. இன்றைய படவட்டைகளைக் காணும்போது நமக்கு அந்த இலக்கணம் நினைவுக்கு வருகிறது.

சிரித்த முகம், அழுத முகம், சினந்த முகம் என்று வட்டமுகங்கள் வரைந்த அட்டைகள் கடைகளில் விற்கின்றன. பல சிறப்புப் பள்ளிகளில் சுவரில் தொங்குகின்றன. தொடக்கத்திற்கு அவை தீங்கற்றவை. ஆனால் குழந்தை அட்டையைக் கற்றுக்கொள்கிறதே தவிரத் தாயைக் கற்றுக்கொள்வதில்லை. தாயின் வருத்தம் அட்டையில் உள்ளதைப் போல் வாய் கோணி வருவதில்லை. பாத்திரத்தைச் சற்று ஓங்கி வைப்பதில் வருகிறது, வழக்கமாகப் பேசும் பேச்சைப் பேசாதிருப்பதில் வருகிறது. ஆகவே அட்டையைவிடக் குடும்பத்தார் புகைப்படங்கள் நன்று. 'அன்று மழையில் ரயில் தவறிப்போனபோது அப்பா' என்று நிகழ்ச்சியோடு கூடிய படம் அதனினும் நன்று.

இங்கிலாந்தில் இதற்கென ஒரு படத்தொடர் எடுத்தார்கள். தண்டவாளத்திலும் கம்பியிலும் ஓடும் வண்டிகளுக்கு உண்மையான மனித முகங்களைப் பொருத்தி, பதினைந்து உணர்ச்சிகளுக்குப் பதினைந்து கதைகள் அமைத்தார்கள். எதற்காக வண்டிகள்? ஒழுங்காக, எதிர்பார்த்த வழியிலேயே ஓடும் பொருள்களை ஆட்டிசக் குழந்தைகளிற் பலர் விரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போது முகமும் கண்ணில் படும் என்பதே உபாயம். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகள் நான்கு வாரம் நாள்தோறும் பார்த்தபின் உணர்ச்சிகளை அறிவதில் நன்கு தேறினார்கள் என்று 2010-இல் அறிவித்தார்கள். ஆனால் அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளிடம் ஆஸ்திரேலியாவில் நடத்திப் பார்த்து 2012-இல் வெளியிட்டபோது கிடைத்த பயன் மிகக் குறைவே. இத்தகைய பயிற்சிகளையெல்லாம் ஒருங்கே ஆராய்ந்து 2014-இல் வெளியான மதிப்பீடும், கற்பித்தால் கற்கிறார்கள், ஆனால் கற்றது நிலைப்பதற்கோ வேறிடத்தில் பயன்படுவதற்கோ போதிய சான்றில்லை என்றே முடித்தது. இதனால் மனந்தளர வேண்டியதில்லை. படத்திலும் அட்டையிலும் கற்றதை வீட்டு வாழ்க்கையோடு இணைக்க ஓர் ஆள் அருகில் வேண்டும் என்பதே நாம் இதினின்று கொள்வது. கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு அகன்றுவிடலாகாது. ஆனால் குழந்தையின் விருப்பத்தின் வழியே செல்லும் உபாயம் மட்டும் நல்ல உபாயம். ரயில் அட்டவணையில் மனம் ஊன்றிய பிள்ளைக்கு, வண்டி இரண்டு மணி தாமதம் என்றால் மேடையில் நிற்பவர் எப்படி இருப்பார் என்பதிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

'என் கண்ணைப் பார்' என்று தாடையைப் பிடித்துத் திருப்பும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2002-இல் அமெரிக்காவில் அமி கிளினும் குழுவினரும் ஒரு சினிமாப் படத்தைக் காட்டி, பார்ப்போர் கண்கள் எங்கே செல்கின்றன என்று கருவியால் அளந்தார்கள். ஆட்டிசமுடையோர் பேசுவோரின் கண்களை விட்டு, வாயையும் அறையிலுள்ள பொருள்களையும் அதிகமாகப் பார்த்தார்கள். அப்படியானால் கண்ணைப் பார்க்கவைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் கருதலாம். ஆனால் வளர்ந்த ஆட்டிசமுடையோரிற் பலர், கண்ணோடு கண் நோக்குவது கூசுகிறது, அப்போது பேச்சே காதில் ஏறுவதில்லை என்று கூறுகிறார்கள். மேலும், பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதையே மரியாதை என்று போற்றிய நாடு இது. இக்குழந்தையிடம் மட்டும் இவ்வளவு கண்டிப்பு ஏனோ! குழந்தையின் எதிரே அமர்வதை விட்டுப் பக்கத்தில் அமர்ந்து, இருவரும் ஒரே பொருளைப் பார்த்துக்கொண்டு பேசினால், அது தானே திரும்பிப் பார்க்கும் கணமும் வரும்.

சிறு கதை எழுதிக் காட்டும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே 1991-இல் வகுத்தது. வரப்போகும் நிகழ்ச்சியை முன்கூட்டியே, குழந்தையின் வாயால் சொல்வதுபோல், சிறு வாக்கியங்களில் எழுதிப் படித்துக்காட்டுவது. ஏவல் குறைவாகவும் விளக்கம் மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்பதே இதன் இலக்கணம். துக்க வீட்டுக்கு ஒரு குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். இது எளிய நிகழ்ச்சியன்று. பாசமற்ற பிறவி என்னும் பட்டம் பெரும்பாலும் இவ்விடத்திலேதான் சூட்டப்படுகிறது. முதல்நாள் இரவே இவ்வாறு எழுதலாம்:

'பெரிய தாத்தா இறந்துபோனார். இறந்தவர்கள் திரும்பிப் பேசமாட்டார்கள். நாளைக்கு நாம் அவர் வீட்டுக்குப் போவோம். அங்கே நிறையப் பேர் இருப்பார்கள். சிலர் சத்தமாக அழுவார்கள். அவர்களை யாரும் அடிக்கவில்லை. தாத்தாவை இனிப் பார்க்க முடியாது என்பதால் அழுவார்கள். சத்தம் எனக்குக் கஷ்டமாக இருக்கலாம். அப்போது அப்பா கையைத் தொடுவேன். அப்பா என்னை வாசலுக்கு அழைத்துப்போவார். எனக்கும் அழுகை வந்தால் அழலாம். வராவிட்டாலும் தவறில்லை.'

கடைசி வாக்கியம் இன்றியமையாதது. அழுகை வராத குழந்தையை அழவைக்க முயல்வது நடிப்பைக் கற்பிப்பதாகும். ஆட்டிசத்தை மறைத்துக்கொண்டு மற்றவரைப்போல் நடந்து காட்டுவதிலேயே காலங்கழித்தவர்களிடம் மனச்சோர்வும் கவலையும் மிகுந்திருப்பதை இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சிரிக்கச் சொன்னால் சிரிக்கும், அணைக்கச் சொன்னால் யாரையும் அணைக்கும் என்று பழக்கப்பட்ட குழந்தைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. தீயவர் கையிலிருந்து விலகவேண்டிய நேரத்தில் விலகத் தெரியாது. 'எனக்கு வேண்டாம்' என்பதும் ஓர் உணர்ச்சிச் சொல்லே. சொல்லாலோ, படத்தாலோ, கையசைவாலோ அதைச் சொல்லும்போது நாம் மதித்துக் காட்டவேண்டும்.

கோவாவில் நடந்த ஒரு முயற்சி நம் நாட்டுக்கு மிகவும் பொருந்துவது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் கோவாவிலுமாக 65 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நிபுணரல்லாத சுகாதாரப் பணியாளர்க்குப் பயிற்சியளித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். தாயோ தந்தையோ குழந்தையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, பிறகு அவர்களோடு அமர்ந்து அப்படத்தைப் பார்ப்பதே முறை. படத்தில் பார்க்கும்போதுதான், விளையாட்டில் கவனிக்கத் தவறிய சிறு குறிகள் புலப்படும்: குழந்தை பந்தை உருட்டிவிட்டு ஒரு கணம் தாயின் பக்கம் திரும்பியது; தாய் அப்போது அடுத்த பொம்மையைத் தேடிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அந்தக் கணத்துக்காக அவள் காத்திருக்கிறாள். இவ்வாறு பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து நடப்பது மிகுந்தது. குழந்தைகள் தாமாகவே தொடர்புகொள்ள முன்வருவதும் மிகுந்தது. சில பெருநகரங்களில் மட்டும் நிபுணர்கள் இருக்கும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. கைப்பேசி உள்ள வீட்டில், வழிகாட்ட ஓர் ஆள் கிடைத்தால், இதைச் செய்ய வேறு கருவி வேண்டா.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தில்லியிலும் பம்பாயிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகள் புழங்குகின்றன. குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் என்று தெரிந்தவுடன், ஆங்கிலம் ஒன்றே பேசுங்கள் என்று அறிவுரை கூறுவோர் உள்ளனர். இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு மேலும் தாமதப்படுவதில்லை என்பதையே ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. தாய்க்கும் அம்மொழியில் கொஞ்ச வராது. கொஞ்சலும் தேற்றலும் எம்மொழியில் இயல்பாக வருமோ அம்மொழியில்தான் உணர்ச்சிப் பெயர்களையும் கற்பிக்க இயலும்.

நாம் மாறவேண்டிய இடமும் உண்டு. நாம் குறிப்பாகப் பேசும் மக்கள். 'வெயில் என்ன இப்படிக் கொளுத்துகிறது!' என்று விருந்தினர் சொன்னால் தண்ணீர் வேண்டும் என்று பொருள். 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன!' என்று மாமியார் சொன்னால் கோபம் என்று பொருள். இக்குறிப்புகள் ஆட்டிசமுடைய பிள்ளைக்கு எட்டுவதில்லை. 'எனக்குத் தலை வலிக்கிறது, வருத்தமாக இருக்கிறேன், கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்' என்று நேரே சொன்னால் உட்காரும் பிள்ளையை, ஒன்றும் சொல்லாமலே புரிந்துகொள்ளவில்லை என்று வைவது நியாயமாகாது. தாத்தா பாட்டிகளுக்கும் உடன்பிறந்தார்க்கும் இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

அவ்வாறே, பிள்ளை காட்டும் பரிவை நாம் அடையாளங் காணவும் கற்கவேண்டும். அது நாம் எதிர்பார்க்கும் வடிவில் வருவதில்லை. காய்ச்சலாகப் படுத்திருக்கும் தாயின் தலைமாட்டில் தன் விருப்பமான சிவப்பு மோட்டாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடலாம். தந்தை வருந்தும்போது தனக்குத் தெரிந்த ரயில் எண்களை வரிசையாக ஒப்பிக்கலாம். அதைக் கேட்டால் தனக்கு ஆறுதல் உண்டாகிறது, ஆகவே அவருக்கும் உண்டாகும் என்பது அப்பிள்ளையின் கணக்கு. அதைத் தொல்லையென்று விரட்டினால், அடுத்த முறை அதுவும் வராது. 'எனக்காக மோட்டாரைக் கொண்டுவந்தாய். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு, 'எனக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் நன்றாக இருக்கும்' என்றும் சேர்த்துச் சொல்லலாம்.

உதவி பெறும் இடங்களையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளுள் இதுவும் ஒன்று. அதன்படி சான்றிதழ் பெறலாம், பள்ளியில் சேரும் உரிமையைக் கேட்கலாம். 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் விசாரிக்கலாம். செகந்திராபாத்திலும் சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலும் மத்திய அரசின் தேசிய நிறுவனங்கள் உள்ளன. தில்லியில் பெற்றோர்களே 1991-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' என்னும் சங்கம் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பயிற்சியளித்து வருகிறது.

எந்த மையத்திற்குச் சென்றாலும், கையில் ஒரு குறிப்பேட்டோடு செல்வது நலம். நாற்பது பக்க நோட்டுப் போதும். நாளுக்கு ஒரு நிகழ்ச்சி. என்ன நடந்தது, குழந்தையின் உடம்பில் என்ன தெரிந்தது, நாம் என்ன சொன்னோம், அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று நான்கு வரி எழுதினால் போதும். இரண்டு மாதத்தில் குழந்தையின் போக்கு ஓரளவு புலப்பட்டுவிடும்: கோபம் என்று நாம் நினைத்திருந்தது பெரும்பாலும் மாலை நான்கு மணிக்கு, பள்ளி வண்டியின் இரைச்சலுக்குப் பின்னரே வருகிறது என்று தெரியவரலாம். மருத்துவர் அரைமணி நேரத்தில் காணமுடியாதது அது. எழுதத் தெரிந்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லலாம்.